மருந்தை முடிவுசெய்யும் மெழுகுக் கட்டி

தூத்துக்குடியில் இரவு வண்டி ஏறினால் காலையில் எழும்பூர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் போகிற குடும்பங்கள், ஸ்கேன் கவரோடு தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகுக் கட்டி ஒன்றையும் பத்திரமாகக் கொண்டுபோவதுண்டு. புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்தது அது. ஆஸ்பத்திரியில் ‘பிளாக்’ என்பார்கள். எந்த மருந்து பலிக்கும் என்று சொல்வது அந்த பிளாக்தான்.

மார்பகப் புற்றில் அதை மூன்று விஷயங்களுக்காகச் சோதிப்பார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஏற்பிகள் இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை. மூன்றாவது ஹெர்-2 புரதம். நூறில் 15 முதல் 20 பேருக்கு இது மிகுந்திருக்கும். அவர்களுக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் வந்தது. 2014இல் பெங்களூரு பயோகான் அதற்கு நிகரான மருந்தை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறை மருந்தான டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகானுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்கவரி நீக்கப்பட்டது. ஹெர்-2 குறைவாக உள்ள, நோய் பரவிவிட்ட பெண்களுக்கும் இது பயன்படும் என்று 2022இல் தெரியவந்தது. ‘நெகட்டிவ்’ என்று மூடிவைத்த பழைய ரிப்போர்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டிய காலம் இது.

சினைப்பைப் புற்றில் கேள்வி ரத்தத்துக்குப் போகிறது. 1994, 1995இல் பிரித்தறியப்பட்ட பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 மரபணுக்கள், டிஎன்ஏ முறிவைச் சரிசெய்பவை. அவை கெட்டுப்போன புற்றுசெல் வேறு பழுதுவழியை நம்பிப் பிழைக்கிறது. 2014இல் அமெரிக்கா அனுமதித்த ஒலாபரிப் அந்த வழியையும் அடைக்கிறது, புற்றுசெல் மடிகிறது. ஐரோப்பிய யூதர்களிடம் பேர்பெற்ற ‘185டெல்ஏஜி’ என்ற பிஆர்சிஏ-1 பிழை, தென்னிந்தியப் பெண்களிடமும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஓர் இந்தியக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியிருப்பதாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தப் பிழை அப்பா வழியிலும் வரும். பிள்ளைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆனால் குடும்ப வரலாறு கேட்டால் அம்மா, சித்தி, பெரியம்மாவோடு நின்றுவிடுகிறோம். கட்டிக்கொடுத்த அத்தை ‘வயித்துல கட்டி’ வந்து இறந்தது வேறு வீட்டுக் கதையாகிவிடுகிறது. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

பிளாக் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் போகலாம். ஆனால் அதன் தரம் அறுவைசிகிச்சை நடக்கும் ஊரிலேயே முடிவாகிவிடும். எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். வெறும் பாட்டிலிலோ சலைனிலோ காத்துக் கிடந்த சதையில் ஏற்பிகள் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரக்கூடும். பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பும் வழக்கம் உள்ள நம் ஊர்களில், தியேட்டர் வாசலிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஃபார்மலின் ஊற்றியாச்சா? பிளாக்கை எப்போது, யாரிடம் வாங்கிக்கொள்ளலாம்?