லம்பரேனேக்குச் சென்ற எழுபது பெட்டிகள்

அயல்நாட்டு மிஷன் மருத்துவமனைக்குக் கருவி வாங்கப் பொருளுதவி கோரும் கடிதம் சபைக்கு வருமாயின், நம்மில் பலர் அதனை அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்துவிட்டு அருளுரைக்குச் சென்றுவிடுகிறோம். பணம் கேட்பது இறையியலுக்குப் புறம்பானது என்னும் எண்ணம் நம்மில் ஊறிக் கிடக்கிறது. பவுலோ எருசலேமின் ஏழைகளுக்கான நிதியைக் குறித்து, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இரண்டு அதிகாரங்கள் முழுவதும் எழுதினார். எவ்வாறு கேட்பது, எதற்காகக் கேட்பது என்பதை ஆராய ஆல்பர்ட் ஷ்வைட்சரின் முயற்சி நமக்கு நல்ல சான்றாகும்.

ஷ்வைட்சர் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடு கற்பித்தவர். அந்நகரின் தூய நிக்கோலா ஆலயத்தில் அருளுரை ஆற்றியவர். 1905இல், தமது முப்பதாம் வயதில், ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி செய்யும் நோக்குடன் மருத்துவம் பயிலத் தொடங்கினார். பாரிஸ் மிஷன் சங்கம் அவருடைய இறையியல் கொள்கைகளை ஐயுற்றது. தமது செலவைத் தாமே ஏற்பதாகவும், பிரசங்கம் செய்யாமல் மருத்துவராக மட்டும் பணியாற்றுவதாகவும் அவர் கூறிய பின்னரே வழி திறந்தது. ஆகவே நிதி திரட்டும் பாரம் முழுவதும் அவர் தோள்மீது விழுந்தது.

அறிந்தவர் வீடுகளுக்கு அவர் நேரில் சென்றார். விருந்தினராக அன்று, இரப்பவராக வந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் வரவேற்பின் தொனி மாறியதை அவர் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதினார். (இவ்வனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை!) ஆயினும் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஜெர்மன் பேராசிரியர்கள், பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டில் அமையவிருந்த மருத்துவமனைக்குத் தாராளமாகக் கொடுத்தனர். இரு நாடுகளுக்கிடையே பகைமை முற்றிவந்த காலம் அது. அவருடைய சபையும் பெரும்பங்கு அளித்தது. பாரிஸ் பாக் சங்கம் இசைநிகழ்ச்சி நடத்தி உதவியது.

இங்குதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் பொருள்களுக்கு மட்டும் பணம் திரட்டவில்லை; மருத்துவமனை ஏறத்தாழ ஓராண்டு இயங்குவதற்கான செலவையும் சேர்த்தே திரட்டினார். வேண்டிய பொருள்களை விலைப்பட்டியல்களைப் பார்த்துத் தாமே தெரிந்தெடுத்தார். 1913 பிப்ரவரியில் எழுபது பெட்டிகள் போர்தோ துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டன. ஏப்ரலில் அவரும் துணைவியாரும் ஓகோவே ஆற்றின் கரையிலுள்ள லம்பரேனேயை அடைந்தபோது, நோயாளிகளைப் பார்க்கக் கிடைத்த முதல் இடம் பழைய கோழிக்கூடு! ஆப்பிரிக்கரைக் குறித்த அவருடைய தந்தைமைப் போக்கை இன்று நாம் ஏற்க இயலாது. ஆனால் அவருடைய திட்டமிடுதலைக் கற்றுக்கொள்ளலாம்.

அவர் கொண்டுசென்றவற்றுள் பாக் சங்கத்தார் அளித்த பியானோவும் ஒன்று. வெப்பமண்டலத்துக்கு ஏற்றவாறு துத்தநாகத் தகடு பொதிந்தது. மருத்துவமனைக்கு இஃதெதற்கு என்று சிலர் கேட்டிருக்கலாம். 1917இல் போரினிமித்தம் கைதியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், மருத்துவமனைக்காக வாங்கிய கடனில் மூழ்கியிருந்தார். 1920இல் பேராயர் சோடர்புலோமின் அழைப்பின்பேரில் சுவீடனுக்குச் சென்று, ஆர்கன் இசையாலும் சொற்பொழிவுகளாலும் கடனில் பெரும்பகுதியைத் தீர்த்தார். காட்டிலே விடாது பயின்ற விரல்கள் அவை.

இன்றைய நிலை என்ன? 16 நாடுகளின் மருத்துவமனைப் பொருட்பட்டியல்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, வளங்குன்றிய இடங்களிலுள்ள கருவிகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு இயங்காமல் கிடந்ததாகக் கண்டது. பயிற்சியின்மை, பராமரிப்பு ஏற்பாடின்மை, மின்சாரம் முதலிய அடிப்படை வசதியின்மை ஆகியவையே முதன்மையான காரணங்கள். பணம் குறைந்ததால் மட்டும் அவை நின்றுவிடவில்லை.

நாமும் இதில் தவறியிருக்கிறோம். பல்லாண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பிலிருந்த சேகரத்தில், கிழக்கு ஆப்பிரிக்க மருத்துவமனை ஒன்றுக்கு எக்ஸ்ரே கருவி வாங்கப் பொருள் சேர்த்தோம். நன்கொடையாளர் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் விவாதித்தோம். அங்கு மின்னழுத்தம் சீராக உள்ளதா, பழுதுபார்ப்பவர் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓராண்டுக்குள் கருவி நின்றது.

பவுல் தீத்துவைத் தனியே அனுப்பவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் உடன் அனுப்பினார். இவ்வளவு பெரிய கொடையைக் கையாளுவதில் ஒருவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்பது அவர் கருத்து (2 கொரி. 8:18-21). கணக்கில் இத்துணைக் கவனம் வேண்டுமாயின், பெறுவோரின் தேவையை அறிவதில் எவ்வளவு வேண்டும்! எருசலேமின் குறைவு இன்னதென்று பவுல் அறிந்திருந்தார். நாம் கேட்டறியவும் இல்லை.

அடுத்த ஆண்டு, காணிக்கை அறிவிக்குமுன் அம்மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினோம். மருத்துவர் அனுப்பிய பதிலைச் சபையில் முழுவதும் வாசித்தோம். அவர் கேட்டது புதிய கருவி அன்று. மின்பணியாளர் ஒருவருக்கு ஈராண்டு ஊதியமும், பழைய எக்ஸ்ரே கருவிக்கு மாற்று உறுப்புகளுமே.