ஒரே பாட்டு, நான்கு மேடை

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் பட்டர்லி என்றோர் ஊர். பழைய நீராவி ரயில்களைப் பழுதுபார்த்து ஓட்டுகிற ஆர்வலர்களின் இருப்புப்பாதை அங்கே இருக்கிறது. 2007 முதல் 2019 வரை ஒவ்வொரு கோடையிலும் அந்த ரயில் வளாகத்தில் ‘இண்டிட்ராக்ஸ்’ என்ற இசைவிழா நடந்தது. 2020இல் கொரோனா அதை நிறுத்தியது. பிறகு நடக்கவே இல்லை. பெரிய கம்பெனிகளை நம்பாமல், தாங்களே பாட்டெழுதி, சிறு வெளியீட்டாளர்கள் மூலம் இசைத்தட்டு போடும் ‘இண்டி பாப்’ குழுக்களுக்கான விழா அது. கிதார், டிரம்ஸ், சிலரிடம் ஒரு டிரம்பெட், சிலரிடம் உலோகப் பட்டைகளைச் சிறு சுத்தியால் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஸ்பீல். அவ்வளவுதான் வாத்தியங்கள்.

விழாவுக்கென்று கட்டிய மண்டபம் எதுவும் கிடையாது. ஓடும் ரயில்பெட்டியில் பாடினார்கள். நெளிதகரத்தால் ஆன சின்னத் தேவாலயத்தில் பாடினார்கள். திறந்தவெளி மேடையிலும் எஞ்சின் கொட்டகையிலும் பாடினார்கள். அப்படிப்பட்ட விழாவில் வாசிக்க வரும் ஒரு கிதார் கலைஞரின் நாளை ஒலியியல் கண்ணோடு தொடர்ந்துபோனால் ஒன்று விளங்கும்: பாட்டில் பாதியை அவர் வாசிக்கிறார், மீதியைக் காற்றும் சுவரும் கூட்டமும் வாசிக்கின்றன.

காலையில் ரயில். இத்தகைய பழைய ரயில்கள் பிரிட்டனில் பெரும்பாலும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் விசிலடித்தபடி வண்டி நம்மைக் கடந்தால், விசிலின் சுருதி நம் காதுக்கு ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கும். வண்டி நெருங்கும்போது ஒலியலைகள் நெருங்கி வருகின்றன. விலகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் முன்வைத்த கருத்து இது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் யார் தெரியுமா? இசைக் கலைஞர்கள்தான். 1845இல் நெதர்லாந்தின் பாய்ஸ் பாலட் என்ற அறிவியலாளர், ஊதுகுழல் கலைஞர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதவைத்தார். தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதிஞானம் உள்ள வேறு கலைஞர்கள் நின்று, சுரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காதாலேயே கணித்தார்கள். அந்தக் காலத்தில் அதைவிடத் துல்லியமான கருவி கைவசம் இல்லை. பெட்டிக்குள் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு மட்டும் இந்த மாற்றம் கிடையாது. பாடுபவரும் கேட்பவரும் ஒரே வேகத்தில் போவதால், பாட்டு சுருதி பிசகாமல் கேட்கும்.

அடுத்து, தேவாலயத்தில் ஒலிச்சோதனை. ஆள் இல்லாத அறையில் கிதாரை ஒருமுறை மீட்டினால் ஒலி அடங்க மறுக்கிறது. ‘ஆட்கள் வந்தால் சரியாகிவிடும்’ என்கிறார் ஒலிப்பொறியாளர். ஆறுதல் வார்த்தை போலத் தோன்றும். ஆனால் அதன் பின்னால் ஒரு சூத்திரமே இருக்கிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அரங்கம் ஒன்றில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்குமேல் நீடித்து, அடுத்த சொற்களின்மேல் விழுந்தது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி எப்போது அடங்குகிறது என்று நேரம் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும்.

அவர் கண்டது எளிய உறவு. அறை பெரிதானால் ஒலி நீடிக்கும். ஒலியை விழுங்கும் பரப்பு கூடினால் சீக்கிரம் அடங்கும். அந்த விழுங்கும் திறனை அவர் திறந்த ஜன்னலின் பரப்பால் அளந்தார். ஜன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வராதல்லவா? உடையணிந்த ஒரு மனிதர் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறை, காலியாக இருக்கும்போது 30 சதுர மீட்டர் அளவுக்கு விழுங்குகிறது என்று கொள்வோம். ஒலி அடங்க 1.3 விநாடி ஆகும். 60 பேர் உள்ளே வந்ததும் அது பாதியாகிவிடும்.

பிற்பகலில் திறந்தவெளி. வெயில் ஏறினால் எஃகுக் கம்பி நீளும், இறுக்கம் தளரும், சுருதி இறங்கும். 10 டிகிரி சூடு கூடினால் கிதாரின் மெல்லிய கம்பி அரைக்கட்டையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். டிரம்பெட்டுக்கோ நேர்மாறு. அதில் அதிர்வது காற்று. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும். குழாய்க்குள் இருக்கும் காற்று அதே 10 டிகிரி சூடானால் சுருதி அரைக்கட்டையில் கால் பங்குக்குமேல் ஏறிவிடும். குளோக்கன்ஸ்பீலின் பட்டைகளோ ஏறக்குறைய அசையாமல் இருக்கும். காலையில் ஒன்றாகச் சுருதி சேர்ந்த மூன்று வாத்தியங்கள் நடுப்பகலில் மூன்று திசையில் நிற்கின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கலைஞர்கள் கூட்டத்தோடு கதை பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்: வாய் பேசும்போது கை முறுக்காணியைத் திருகிக்கொண்டிருக்கும்.

வெயில் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது குளிராகவும் இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். தூரத்தில் நிற்பவருக்கு மங்கலாகக் கேட்கும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் இது தலைகீழாகும். ஒலி கீழ்நோக்கி வளைந்து, பகலில் எட்டாத இடத்தையும் எட்டும். ஒலிபெருக்கியை யாரும் கூட்டாமலே பக்கத்து ஊருக்குப் பாட்டு போய்ச் சேரும்.

கடைசியாக எஞ்சின் கொட்டகை. பின்சுவர் 30 மீட்டர் தள்ளி இருந்தால், டிரம்ஸின் ஓர் அடி அங்கே போய்த் திரும்ப 0.17 விநாடிக்குமேல் ஆகும். விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் திரும்பும் எதிரொலியைக் காது பெரும்பாலும் முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். இது அதைத் தாண்டிவிட்டதால் இரண்டாவது அடியாகவே கேட்கும். அனுபவமுள்ள டிரம்மர் இங்கே அடிகளைக் குறைத்து, இடைவெளி விட்டு வாசிப்பார். கிதார் கலைஞர், ஒலிக்குக் கார்வை கூட்டும் பெடலைக் காலால் அணைத்துவிடுவார். காசு கொடுத்து வாங்கிய பெடலின் வேலையைக் கட்டடமே இலவசமாகச் செய்கிறது. எவ்வளவு கார்வை என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அது அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது.