தோற்கும் அணியின் ரசிகர்கள்: மான்செஸ்டர் சிட்டி, 1998–99

கால்பந்து ரசிகர்களில் பெரும்பாலோர் ஒவ்வோர் ஆண்டும் ஏமாற்றத்தோடுதான் பருவத்தை முடிக்கின்றனர். இதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை, கணக்கே போதும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள் ஆடுகின்றன. ஓர் அணி பட்டம் வெல்கிறது, மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுகின்றன, மற்றவை நடுவில் எங்காவது நிற்கின்றன. 1992இல் இந்த லீக் தொடங்கியது முதல் 2025 வரை பட்டம் வென்ற கழகங்கள் ஏழு மட்டுமே. ஆக, வெற்றிக்காக மட்டும் ஒருவர் கால்பந்து பார்க்கிறார் என்றால் அவர் தவறான பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இருந்தும் தோற்கும் அணிகளுக்கும் ரசிகர்கள் உள்ளனர். அவர்கள் மோசமான பருவத்தை எப்படித் தாங்குகின்றனர், எப்போது நிதானம் இழக்கின்றனர் என்பதை அறிய மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் 1998–99 பருவம் நல்ல எடுத்துக்காட்டு. இன்று உலகின் பணக்காரக் கழகங்களுள் ஒன்றாக அறியப்படும் சிட்டி, அந்த ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம் அடுக்கில் ஆடியது.

வீழ்ச்சி

சிட்டி சிறிய கழகம் அன்று. 1937இலும் 1968இலும் இங்கிலாந்தின் சாம்பியன் பட்டம் வென்றது. 1970இல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையையும் கைப்பற்றியது. ஆனால் விசித்திரமான தோல்விகளும் அதன் வரலாற்றில் உண்டு. 1937இல் பட்டம் வென்ற அணி அடுத்த பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்தப் பருவத்தில் அப்பிரிவில் மிக அதிகக் கோல் அடித்த அணியும் அதுவே. நடப்புச் சாம்பியன் அணி தரமிறக்கப்பட்டது இங்கிலாந்தில் அந்த ஒரு முறைதான்.

1996ஆம் ஆண்டு மே 5 அன்று நடந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. பிரீமியர் லீக்கில் தங்க, லிவர்பூலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் சிட்டி வெற்றி பெற வேண்டியிருந்தது. ஆட்டம் 2–2 என்று இருந்தபோது, சமநிலையே போதும் என்ற தவறான செய்தி மைதானத்துக்குள் வந்தது. வீரர்கள் பந்தை மூலையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினர். ஆட்டம் முடிந்தபோது சிட்டி, சவுத்தாம்டன், கவென்ட்ரி ஆகிய மூன்றும் 38 புள்ளிகளில் நின்றன; கோல் வித்தியாசத்தில் சிட்டி இறங்கியது.

அடுத்த பருவத்தில் தற்காலிகப் பொறுப்பாளர்களையும் சேர்த்து ஐந்து பேர் மேலாளர் நாற்காலியில் அமர்ந்தனர். அவர்களுள் ஸ்டீவ் கோப்பல் தாக்குப்பிடித்தது ஏறக்குறைய ஒரு மாதமே. 1998 பிப்ரவரியில் ஜோ ராயில் பொறுப்பேற்றபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்முறை வீரர்கள் ஊதியப் பட்டியலில் இருந்தனர். ஆனால் அணி என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. அந்த ஆண்டு மே 3 அன்று ஸ்டோக் நகரில் சிட்டி 5–2 என்று வென்றது. மற்ற ஆட்டங்களின் முடிவுகள் எதிராக அமைந்ததால், வென்ற சிட்டியும் தோற்ற ஸ்டோக்கும் சேர்ந்தே கீழிறங்கின. சிட்டி எடுத்தவை 48 புள்ளிகள்; அதற்கு மேலே 49 புள்ளிகளுடன் மூன்று அணிகள் தப்பின.

இந்த ஒரு புள்ளியைச் சற்று உற்று நோக்கலாம். தப்பிய மூன்று அணிகளுள் ஒன்று குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். ஒரு வாரம் முன்பு அந்த அணியுடன் சிட்டி ஆடிய ஆட்டம் 2–2 என்று முடிந்திருந்தது. எதிரணியின் கோல்களில் ஒன்றைச் சிட்டி வீரர் ஜேமி பொல்லக்கே தம் சொந்த வலைக்குள் தலையால் முட்டிப் போட்டிருந்தார். அந்தப் பந்து வெளியே போயிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். கோல்கள் அரிதாக விழும் ஆட்டம் என்பதால் கால்பந்தில் தற்செயலுக்குப் பங்கு அதிகம். பருவம் கெட்டுப்போனால் ரசிகர் முதலில் தேடுவது குற்றவாளியைத்தான். ஆனால் சில சமயம் குற்றவாளி பந்து துள்ளிய விதமாகவே இருக்கிறது. அதே வேளையில், மூன்று ஆண்டுகளில் இரண்டு அடுக்குகள் கீழிறங்கியதற்குத் தற்செயலை மட்டும் காரணம் காட்ட முடியாது. நிர்வாகச் சீர்கேடு அதில் தெளிவாகவே இருந்தது.

மூன்றாம் அடுக்கில் ஓர் ஆண்டு

பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்ததால் அக்காலத்தில் மூன்றாம் அடுக்கின் பெயர் ‘இரண்டாம் பிரிவு’. கழகத்தின் வரலாற்றில் அந்த அடுக்கில் ஆடுவது அதுவே முதல் முறை. 1997இல்தான் லீக்குக்குள் நுழைந்த மேக்கிள்ஸ்ஃபீல்டு போன்ற சிறு நகர அணிகளுடன் இனிச் சமமாக மோத வேண்டும்.

கூட்டம் சிதறிவிடும் என்று பலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். பிளாக்பூலுக்கு எதிரான முதல் ஆட்டத்துக்கு மெயின் ரோடு மைதானத்தில் கூடியவர்கள் 32,000க்கும் மேல். பருவம் முழுவதற்குமான சராசரி 28,000ஐத் தாண்டியது. அதே ஆண்டு பிரீமியர் லீக்கில் ஆடிய சவுத்தாம்டனின் மைதானத்தில் மொத்தமே ஏறத்தாழ 15,000 பேருக்குத்தான் இடம்.

இதைக் கண்மூடித்தனமான விசுவாசம் என்று கொள்வது சரியாகாது. 1998 டிசம்பர் 8 அன்று, கீழ்ப்பிரிவு அணிகளுக்கென நடத்தப்படும் ஒரு கோப்பைப் போட்டியில் மான்ஸ்ஃபீல்டு அணியுடன் சிட்டி ஆடியது. வந்தவர்கள் 3,007 பேர். சிட்டி 2–1 என்று தோற்றது. லீக் ஆட்டத்துக்கு வருவோம், இதற்கு வரமாட்டோம் என்று ரசிகர்கள் தாங்களே வரையறுத்துக்கொண்டதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. எதற்குத் தன் மாலைப்பொழுதையும் பணத்தையும் கொடுப்பது என்று தெரிந்திருப்பதும் நிதானத்தின் ஒரு பகுதியே.

டிசம்பர் 19 அன்று யார்க் நகரில் சிட்டி 2–1 என்று தோற்று, மூன்றாம் அடுக்கின் பட்டியலில் 12ஆம் இடத்துக்குப் போனது. கழகத்தின் வரலாற்றில் மிகத் தாழ்ந்த இடம் இதுவே எனக் கருதப்படுகிறது. சிட்டியை வென்ற யார்க் அணி அப்பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

சிரிப்பின் பயன்

இந்த ஆண்டுகளில் சிட்டி ரசிகர்களின் பெயர் பரவியதற்கு அவர்களின் நகைச்சுவை முக்கியக் காரணம். அதன் வேர் முந்தைய வீழ்ச்சி ஒன்றில் உள்ளது. 1980களின் பிற்பகுதியில் அணி இரண்டாம் அடுக்கில் இருந்தபோது, காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் வாழைப்பழங்களை மைதானத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் தொடங்கியது. வாழைப்பழத்துக்கும் கால்பந்துக்கும் தொடர்பு ஏதும் இல்லை. அதுதான் அதன் சிறப்பு. 1988 டிசம்பர் 26 அன்று ஸ்டோக்கில் ஆயிரக்கணக்கானோர் இத்தகைய பொம்மைகளுடன் வந்தனர். சிட்டி 3–1 என்று தோற்றது. அந்த நாள் இன்றும் மகிழ்ச்சியான நாளாகவே நினைவுகூரப்படுகிறது. ரசிகர் கலவரங்களால் இங்கிலாந்துக் கால்பந்து பெயர் கெட்டிருந்த காலம் அது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு நாள்களில், தாங்கள் அந்த மைதானத்தில் இல்லவே இல்லை என்று பொருள்படும் பாட்டு ஒன்றை ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடினர். அதன் தோற்றத்துக்குப் பல கதைகள் சொல்லப்படுகின்றன. எந்தக் கதை சரியாயினும், அந்த இடத்தில் அந்தப் பாட்டுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எதிரணி ரசிகர்கள் கேலி செய்யுமுன் தாமே செய்துகொண்டால், கேலி செய்ய வந்தவருக்கு வேலை குறைந்துவிடுகிறது.

உளவியல் ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இது கவனிக்கத்தக்கது. 1976இல் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற பின்வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடைகளை அதிகம் அணிந்தது தெரியவந்தது. வென்றால் “நாங்கள் வென்றோம்” என்றும், தோற்றால் “அவர்கள் தோற்றார்கள்” என்றும் பேசும் போக்கும் காணப்பட்டது. ஆனால் எல்லாரும் இப்படி விலகுவதில்லை. டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம் இருவரும் 1990இல் காட்டியபடி, அணியோடு ஆழ்ந்த பிணைப்புள்ளோர் தோல்வியிலும் விலகுவது குறைவு. அவர்களுக்கு அணி தம் அடையாளத்தின் ஒரு பகுதி. விலக முடியாதவருக்குத் தோல்வியைச் சுமக்க ஏதாவது ஒரு வழி வேண்டும். சிட்டி ரசிகர்கள் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தனர்.

எதிர்ப்பும் எல்லையும்

நிதானம் என்றால் வாய்மூடி இருப்பது என்று சிலர் புரிந்துகொள்கின்றனர். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. சோப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு சோப்பு வாங்கலாம். சிட்டி ரசிகர் யுனைடெட் ரசிகராக மாறுவது நடக்காத காரியம். எனவே குரல் ஒன்றே மிச்சம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் கூட்டம் வரும் என்று தெரிந்த உரிமையாளர் ரசிகரின் அன்பையே முதலாக்கிக்கொள்ளவும் கூடும்.

சிட்டி ரசிகர்கள் அந்தக் குரலைப் பயன்படுத்தினர். 20 ஆண்டுகள் தலைவராக இருந்த பீட்டர் ஸ்வேல்ஸுக்கு எதிராக 1993இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. முன்னாள் வீரர் பிரான்சிஸ் லீ தலைவராக வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1994இல் அதுவே நடந்தது. ஆனால் அந்த எதிர்ப்பில் எல்லை மீறியவர்களும் இருந்தனர். ஸ்வேல்ஸின் குடும்பத்தாரும் தொல்லைக்கு உள்ளாயினர். இதைப் பல ரசிகர்கள் பின்னர் வெட்கத்துடனேயே குறிப்பிட்டுள்ளனர். ஆவலுடன் வரவேற்கப்பட்ட லீயின் காலத்தில் அணி இன்னும் கீழே போனது; 1998 மார்ச்சில் அவரும் விலகினார். ஒருவரை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த நான்கு ஆண்டுகளில் வெகுவாகக் கரைந்திருந்தது. மூன்றாம் அடுக்கில் ராயிலுக்குக் கிடைத்த பொறுமைக்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வெம்பிளி

யார்க் தோல்விக்குப் பின் அணி மீண்டெழுந்து, மூன்றாம் இடத்தில் பருவத்தை முடித்தது. முதல் இரண்டு அணிகள் நேரடியாக மேலேறும். அடுத்த நான்கு அணிகள் எஞ்சிய ஓரிடத்துக்காகப் பிளே-ஆஃப் ஆட்டங்களில் மோதும். இதற்கிடையே அதே நகரத்தின் மான்செஸ்டர் யுனைடெட், 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக்கை வென்று ஒரே பருவத்தில் மூன்றாவது பெரிய கோப்பையையும் எடுத்துச் சென்றது. நான்கு நாள்கள் கழித்துச் சிட்டி ரசிகர்கள் பல்லாயிரக்கணக்கில் வெம்பிளிக்குப் போனது ஜில்லிங்காம் அணியை எதிர்கொள்ள. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுத் தம் நிலையை அளந்திருந்தால் அன்று ஒருவரும் புறப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது ஜில்லிங்காம் 2–0 என்று முன்னிலை பெற்றது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் எழுந்து வெளியேறத் தொடங்கினர். 90ஆம் நிமிடத்தில் கெவின் ஹார்லாக் ஒரு கோல் அடித்தார். கூடுதலாகக் கொடுக்கப்பட்ட நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் பால் டிக்கோவ் இரண்டாவது கோலை அடித்தார். அதைத் தடுக்க முயன்ற எதிரணிக் கோல் காப்பாளர் வின்ஸ் பார்ட்ரம், டிக்கோவின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர். பெனால்டியில் சிட்டி 3–1 என்று வென்றது. 20 வயதுக் கோல் காப்பாளர் நிக்கி வீவர் அதன்பின் மைதானமெங்கும் ஓடியது தொலைக்காட்சியில் பலமுறை காட்டப்பட்ட காட்சி.

இந்த முடிவு முழுக் கதையையும் இனிமையாக்கிவிடுகிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. டிக்கோவின் பந்து தடுக்கப்பட்டிருந்தால் சிட்டி இன்னோர் ஆண்டு மூன்றாம் அடுக்கில் கிடந்திருக்கும். அப்போதும் அந்த 28,000 பேரின் நடத்தை அதே மதிப்புடையதாகவே இருந்திருக்கும். வெற்றி கிடைத்ததால் அது நமக்குத் தெரியவந்தது, அவ்வளவே.

பின்னர்

சிட்டி 2000இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பி, 2001இல் மறுபடி இறங்கி, 2002இல் மறுபடி ஏறியது. 2008 பிப்ரவரி 10 அன்று யுனைடெட்டின் மைதானத்தில் இரு அணிகளும் மோதின. 1958ஆம் ஆண்டு மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்ததன் ஐம்பதாம் ஆண்டு நினைவு அன்று கடைப்பிடிக்கப்பட்டது. இறந்தவர்களுள் சிட்டியின் முன்னாள் கோல் காப்பாளரும் பின்னர் பத்திரிகையாளருமான பிராங்க் ஸ்விஃப்டும் ஒருவர். மௌன அஞ்சலியைச் சிட்டி ரசிகர்கள் குலைத்துவிடுவார்களோ என்ற அச்சம் பரவலாக இருந்தது. அவர்கள் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. பின்னர் ஆட்டத்தில் சிட்டி 2–1 என்று வென்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் அபுதாபியின் பணம் வந்தது. 2012இல் பட்டமும் வந்தது. ஏமாற்றம் என்ற சொல்லின் அளவுகோலும் மாறியது. 2024–25 பருவத்தில் சிட்டி பிரீமியர் லீக்கில் மூன்றாம் இடம் பெற்றது. பெரிய கோப்பை எதுவும் இல்லாததால் அது தோல்விப் பருவம் என்று எழுதப்பட்டது. 1999இல் அதே மூன்றாம் இடத்தை இரண்டு அடுக்குகள் கீழே பெற்றுக் கொண்டாடியவர்களில் பலர் இன்னும் மைதானத்துக்கு வருகின்றனர். அந்தப் பருவத்தில் எட்டிஹாட் மைதானத்தில் ரசிகர் குழுக்கள் நடத்திய எதிர்ப்பு, நுழைவுச்சீட்டின் விலையையும் விற்பனை முறையையும் பற்றியது.