பனியில் ஹைப்ரிட் கார்: மைலேஜ் எங்கே போச்சு? ஒரு சிஏ கணக்கு



பெரிய காஞ்சிபுரத்துல உட்கார்ந்துக்கிட்டு ஸ்னோவுல கார் ஓட்டுறதைப் பத்தி எழுதுறாங்களேன்னு சிரிக்காதீங்க. மார்கழி விடியற்காலையில் ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் ஸ்வெட்டர் போட்டு நடப்பதுதான் எனக்குத் தெரிந்த குளிர். ஆனால் போன ஜனவரியில் டொரண்டோவிலிருந்து வந்த ஒரு போன், என்னை இந்தக் கணக்குக்குள் இழுத்துவிட்டது.

போன் செய்தது என் சித்தி பையன். ஸ்கார்பரோவில் இருக்கிறான், ஐடி வேலை. ஜூன் மாதம் ஹைப்ரிட் கார் வாங்கினான், ஏழு வருட லோன். "அக்கா, வாங்கினப்ப நூறு கிலோமீட்டருக்கு அஞ்சு லிட்டர்தான் குடிச்சுது. இப்ப ஏழுக்கு மேல போகுது. கார்ல ஏதோ கோளாறு. வித்துடலாம்னு பார்க்கிறேன்" என்றான்.

அவன் எனக்குப் போன் செய்ததற்குக் காரணம் கார் மட்டும் இல்லை. பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு எடுத்த ஹோம் லோனுக்கு அவன்தான் மாதாமாதம் பணம் அனுப்புகிறான். சித்தப்பாவும் அவனும் சேர்ந்து எடுத்த லோன். அந்த மாதம் பணம் குறைந்து, இஎம்ஐ பவுன்ஸ் ஆகிவிட்டது. பவுன்ஸ் சார்ஜ் ஒரு பக்கம். தாமதமான தவணை ரெண்டு பேரோட கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும் என்பது இன்னொரு பக்கம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

கார் கெட்டுப்போகவில்லை

சர்வீஸ் சென்டரில் 150 டாலர் கொடுத்து டெஸ்ட் எடுத்தான். ஒரு குறையும் இல்லை. குளிரில் ஹைப்ரிட் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது. ஊருக்குள் ஓட்டும்போது, 25 டிகிரி வெயிலில் கிடைக்கும் மைலேஜ், மைனஸ் 7 டிகிரியில் சாதாரண பெட்ரோல் காருக்குச் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைப்ரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையும்.

ஹைப்ரிட்டுக்கு மட்டும் ஏன் ரெண்டு மடங்கு அடி? ஹைப்ரிட் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதே இன்ஜினை அணைத்து வைப்பதால்தான். சிக்னலில் நிற்கும்போது, மெதுவாக நகரும்போது இன்ஜின் ஆஃப், பேட்டரி ஓட்டும். பிரேக் பிடித்தால் அந்த சக்தி திரும்பப் பேட்டரிக்குப் போகும். குளிரில் இந்த ரெண்டுமே தடைபடுகிறது. பெரும்பாலான ஹைப்ரிட்களில் கார் ஹீட்டருக்குச் சூடு இன்ஜினிலிருந்துதான் வருகிறது. அதனால் நீங்கள் ஹீட்டரை முழுசா வைத்தால், சிக்னலில் நின்றாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். சில்லிட்டுப்போன பேட்டரியும் சீக்கிரம் சார்ஜ் ஏற்றுக்கொள்ளாது. இதோடு கெட்டியான ஆயில், காற்று குறைந்த டயர் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. மைலேஜ் 30 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் செலவு 30 சதவீதம் ஏறாது, 43 சதவீதம் ஏறும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடிய கார் 14 ஓடினால், அதே தூரத்துக்கு 1 லிட்டருக்குப் பதில் 1.43 லிட்டர் வேண்டும். என் தம்பி ஏமாந்த இடமும் இதுதான்.

மிச்சம் எவ்வளவு?

புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். வருடம் 15,000 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு ஹைப்ரிட் 5 லிட்டர், அதே காரின் சாதாரண பெட்ரோல் மாடல் 7 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 1.50 டாலர். ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை 2,000 டாலர்.

வருடம் முழுக்க வெயில் என்றால் மிச்சம் 300 லிட்டர், அதாவது 450 டாலர். கூடுதலாகக் கொடுத்த பணம் சுமார் நாலரை வருடத்தில் திரும்பிவிடும்.

இப்போது நாலு மாதம் கடுங்குளிர், அதில் 5,000 கிலோமீட்டர் என்று போடுங்கள். எல்லாமே ஊருக்குள் ஓட்டுவது என்றால் ஹைப்ரிட் 7.1 லிட்டர் குடிக்கும், சாதாரண கார் 8.2 லிட்டர். வித்தியாசம் 2 லிட்டரிலிருந்து 1.1 ஆகச் சுருங்கிவிட்டது. வருட மிச்சம் 255 லிட்டர், சுமார் 380 டாலர். பணம் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும்.

குளிரிலும் ஹைப்ரிட்தான் குறைவாகக் குடிக்கிறது. அதனால் பயந்துபோய் வித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆனால் ஜூன் மாத மைலேஜை வைத்து ஜனவரி பட்ஜெட் போட்டால் கண்டிப்பா உதைக்கும்.

பனியில் மைலேஜைக் காப்பாற்ற ஏழு வழிகள்

1. நின்ற இடத்திலேயே சூடேற்றாதீங்க. இன்றைய கார்களுக்கு அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினால் இன்ஜின் இன்னும் சீக்கிரம் சூடாகும். நிற்கும் காரின் மைலேஜ் பூஜ்யம். ஆனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கண்ணாடி, கூரை, சைலன்சர் வாய் மூன்றிலும் பனியைத் தள்ளிவிடுங்கள். சைலன்சர் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம். உயிருக்கே ஆபத்து.

2. வேலைகளை ஒரே டிரிப்பில் சேருங்கள். காலையில் பால், மதியம் பார்சல், மாலையில் ஜிம் என்று மூன்று முறை போனால், மூன்று முறையும் சில்லென்ற இன்ஜினைச் சூடேற்றக் காசு கொடுக்கிறீர்கள். ஒரே சுற்றில் முடியுங்கள். தூரமான இடத்துக்கு முதலில் போனால் திரும்பும் வழியில் நிறுத்தும் இடங்களுக்குச் சூடான இன்ஜினே போதும். இந்தப் பட்டியலில் அதிகம் மிச்சம் தருவது இதுதான்.

3. சீட் ஹீட்டர் முதலில், காற்று ஹீட்டர் அப்புறம். சீட், ஸ்டியரிங் சூடு கரண்டில் ஓடும், செலவும் கம்மி. ஜாக்கெட் போட்டிருக்கும்போது உள்ளே 25 டிகிரி எதுக்கு? ரெண்டு மூணு டிகிரி குறைத்தாலே இன்ஜின் அடிக்கடி அணையும். ஆனால் முன்கண்ணாடியில் ஆவி படிந்தால் யோசிக்காமல் முழு வேகத்தில் போடுங்கள். அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது.

4. டயர் காற்று. வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 20 டிகிரியில் 33 அடித்திருந்தால், ஜனவரியில் மைனஸ் 10-ல் 28-க்குப் பக்கத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை, வண்டி ஓட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

5. வின்டர் டயர் நாலும் போடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. வழுக்கி ஒரு இடி இடித்தால் போகும் பணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒன்டாரியோவில் வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் விதி. கேட்டு வாங்குங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம்.

6. முன்னால் இடைவெளி விட்டு, முன்கூட்டியே மெதுவாக பிரேக் பிடியுங்கள். திடீர் பிரேக்கில் சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் வேலை செய்தால், பேட்டரிக்குப் போகவேண்டிய சக்தி வீணாகும். நிதானமாகப் பிடித்தால் பாதுகாப்பும் கிடைக்கும், சார்ஜும் கிடைக்கும். வழுக்கும் ரோட்டில் க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

7. ரெண்டு பேட்டரியையும் கவனியுங்கள். பல ஹைப்ரிட்களில் பெரிய பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் பின் சீட் பக்கம் இருக்கும். அதன்மேல் ஜாக்கெட், பை போட்டு அடைக்காதீங்க. காரை உயிர்ப்பிப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரி. லீவுக்கு ஊருக்கு வந்து மூணு வாரம் கழித்துப் போனால் அது இறங்கியிருக்கும். குளிர்காலத்துக்கு முன்பே ஒருமுறை டெஸ்ட் செய்துவிடுங்கள்.

மூடிய பார்க்கிங் கிடைத்தால் விடாதீங்க. இன்ஜினைச் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க ஓட வேண்டாம், கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பு டைமர் போட்டால் போதும்.

என் பாட்டி போட்ட பட்ஜெட்

என் தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது கார் விஷயம் இல்லை.

எங்கள் பாட்டி வீட்டில் தறி இருந்தது. ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறி நின்றால் கூலியும் நிற்கும். பாட்டிக்கு இது வருடாவருடம் தெரியும். அதனால் வெயில் மாதத்துக் கூலியிலிருந்தே மழை மாதத்து அரிசிக்கு எடுத்து வைத்துவிடுவார். மழை வந்ததும் யாரும் அதிர்ச்சியாகவில்லை.

டொரண்டோவில் குளிரும் வருடாவருடம் வருகிறது. என் தம்பியின் பட்ஜெட்டில்தான் அது இல்லை. பெட்ரோல் மட்டும் அவனைக் கவிழ்க்கவில்லை. அதில் கூடியது மாதம் 40 டாலர்தான். ஆனால் டயரும் ரிம்மும் சேர்ந்து 1,100 டாலர், அந்த 150 டாலர் டெஸ்ட், எல்லாம் ஒரே சீசனில் வந்து நின்றது. கையில் இடைவெளியே இல்லாமல் கார் லோன் போட்டிருந்தான்.

இப்போது அவன் செய்வது இது. நாலு மாதக் குளிரையும் சேர்த்து வருடப் பெட்ரோல் 857 லிட்டர், சுமார் 1,290 டாலர். பன்னிரண்டால் வகுத்து, மாதம் 110 டாலர் தனி அக்கவுண்டில் போடுகிறான். வெயில் மாதங்களில் மிச்சமாவது அங்கேயே தங்கி, ஜனவரியில் கைகொடுக்கும். டயருக்கு மாதம் 20 டாலர் தனி. ஊரில் இருக்கும் அந்த லோன் கணக்கில் எப்போதும் ரெண்டு இஎம்ஐ அட்வான்ஸாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறான். காரை விற்கவில்லை.

இங்கே வாங்க நினைப்பவர்களுக்கு

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போய்வரும் நண்பர்களுக்குப் பனிப் பிரச்சினை இல்லை. நமக்கு வரிதான் குளிர்! 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிட் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். எலெக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம்.

ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாக 3 லட்சம் கொடுக்கிறீர்கள், வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், மைலேஜ் 14-க்குப் பதில் 21 கிடைக்கிறது என்று வையுங்கள். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருட மிச்சம் சுமார் 28,600 ரூபாய். 3 லட்சம் திரும்ப பத்து வருடத்துக்கு மேல் ஆகும், லோன் வட்டி தனி. இந்த எண்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஷோரூம் சொல்லும் மைலேஜை வைத்து வேண்டாம். உங்கள் ரூட்டில், உங்கள் மோசமான மாதத்தில் என்ன கிடைக்குமோ, அதை வைத்துப் போடுங்கள்.

அந்தக் கணக்கிலும் கட்டுப்படியானால், தாராளமா வாங்குங்க.