துண்டான விரல் எவ்வளவு நேரம் தாங்கும்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது கையால் கொழுந்து கிள்ளுவது குறைவு. கத்திரியும், இருவர் பிடித்து நகர்த்தும் மோட்டார் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றில் சிக்கி ஒருவரின் விரல் துண்டாகிவிட்டால்? தானா ராத்தாவிலிருந்து மலையிறங்கித் தாப்பாவை அடையவே, வளைவுகள் நிறைந்த சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போக வேண்டும். விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனையோ அதற்கும் அப்பால். அதுவரை அந்த விரல் தாங்குமா?

தாங்கும், சரியாகப் பாதுகாத்தால். இரத்த ஓட்டம் நின்றதும் முதலில் கெடுவது தசை. அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. அதனால் முழங்கையருகே துண்டான கை, சாதாரண வெப்பத்தில் சுமார் 6 மணி நேரமே தாங்கும். விரல்களுக்குள் தசையே கிடையாது! நம்ப முடியவில்லையா? முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், மாணவர்களே. அசைவது முன்கைத் தசை. அது தசைநாண்கள் வழியே விரலை இழுக்கிறது. ஆகவே துண்டான விரல் சுமார் 12 மணி நேரமும், குளிர்ச்சியில் 24 மணி நேரம் வரையும் தாங்கும்.

விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். பிறகு அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். பலர் பதற்றத்தில் விரலை நேராக ஐஸ் மேலேயே வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் உயிரணுக்கள் உறைந்து சிதையும். பிறகு மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. காயம்பட்ட கையைத் துணியால் அழுத்திக் கட்டி, உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

மருத்துவர்கள் முதலில் எலும்பைக் கம்பியால் பொருத்துவார்கள், பிறகு தசைநாண். அடுத்ததுதான் கடினம். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இரத்தக் குழாய்களை, நுண்ணோக்கியில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். 1965இல் ஜப்பானின் நாராவில் முழுதாகத் துண்டான ஒரு கட்டைவிரலை இப்படித்தான் முதன்முதலாக ஒட்டவைத்தார்கள். சில சமயம் இரத்தம் திரும்பிப் போக வழியின்றி விரலில் தேங்கி நீலம் பாரிக்கும். அப்போது அட்டைகளைக் கடிக்கவிடுவதும் உண்டு! (தேயிலைக் காட்டு அட்டை அல்ல, மருத்துவத்துக்கென்றே வளர்க்கப்படுபவை.) அட்டையின் உமிழ்நீர் இரத்தம் உறையாமல் தடுக்கும்.

நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டு மே மாதம் செலாயாங் மருத்துவமனையில், கை சரியாக உருவாகாத ஒரு மாதக் குழந்தைக்கு, மூளை பாதிக்கப்பட்டு இறந்த அதன் இரட்டையரின் கையைப் பொருத்தினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால், அந்தக் கையை உடல் அந்நியமாகக் கருதி எதிர்க்கவில்லை.

தைத்து முடித்த அன்றே விரலில் இரத்தம் ஓடிவிடும். உணர்ச்சிதான் தாமதம். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டிருந்தால், விரல் நுனிக்குத் தொடுவுணர்ச்சி எட்ட அரை ஆண்டுக்கு மேலாகும். அதுவரை சூடான தேநீர்க் கோப்பையைத் தொட்டாலும் விரலுக்குத் தெரியாது.