வழங்கிக் கணினியும் பராமரிப்பு ஒப்பந்தமும்

ஒரு நிறுவனத்தின் கணக்கு, உறுப்பினர் பட்டியல், ஆவணம் முதலியவற்றைப் பொதுவில் வைத்துக் காத்து, பிற கணினிகள் கேட்குந்தோறும் எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு வழங்கி என்று பெயர். 'சர்வர்' என்பது பேச்சு வழக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அச்சகம், கூட்டுறவுச் சங்கம், தனியார் பள்ளி, மருந்தகம் எனச் சிறிய இடங்களிலும் இத்தகைய கணினி ஒன்றோ இரண்டோ ஒரு மூலையில் இரைந்துகொண்டிருக்கக் காணலாம். பெரும்பாலும் வாங்கிய மூன்றாம் ஆண்டில் உத்தரவாதக் காலம் முடியும். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமாறு விற்பனையாளரிடமிருந்து கடிதம் வரும். கட்டணத் தொகையைக் கண்டதும் செயலாளர் கேட்கும் முதற்கேள்வி, "கெட்டுப்போனால் நாமே ஓர் உறுப்பை வாங்கிப் பொருத்திக்கொள்ளக் கூடாதா?" என்பதே. கேள்வி நியாயமானதுதான். விடைதான் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது.

ஒப்பந்தம் தருவது யாது என முதலில் தெளிதல் வேண்டும். உறுப்புகளின் விலையை மட்டும் கணக்கிட்டால் ஒப்பந்தம் வீண்செலவாகவே தோன்றும். உண்மையில் நாம் விலைகொடுத்து வாங்குவது காலத்தை. பழுதுபட்ட மின்வழங்கி அமைப்போ தாய்ப்பலகையோ எங்கோ ஒரு கிடங்கில் நமக்காகக் காத்திருக்கிறது; அதனை எடுத்துவந்து பொருத்த ஆளும் இருக்கிறார். ஒப்பந்தங்களில் 'நான்கு மணி நேரம்' என்றும் 'மறு வேலைநாள்' என்றும் இரு வகை பெருவழக்கு. இவ்விடத்தில் சொற்களைக் கூர்ந்து நோக்குதல் நலம். நான்கு மணி நேரம் என்பது பல ஒப்பந்தங்களில் ஆள் வந்து சேரும் நேரமேயன்றிப் பழுது நீங்கும் நேரம் அன்று. மறு வேலைநாள் என்பதோ, வெள்ளிக்கிழமை மாலையில் கெட்ட கணினிக்குத் திங்கட்கிழமை; திங்கள் தீபாவளி விடுமுறையாயின் செவ்வாய். அத்தனை நாள் பொறுக்க இயலுமானால், அதே நாள்களில் நாமே கடைக்குச் சென்று உறுப்பு வாங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பொதுவாக எல்லாக் கணினிக்கும் பொருந்தும் உறுப்பாயின் வாங்கலாம். ஆனால் வழங்கிகளின் உறுப்புகள் பல அந்தந்த நிறுவனத்தின் அளவுக்கே அமைந்தவை. கடைத்தெருவில் கேட்டவுடன் கிடைப்பவை அல்ல.

சொந்தப் பராமரிப்பு யாருக்குப் பொருந்தும் என்பதற்குச் செந்தூல் நல்ல சான்று. ஆங்கிலேயர் காலத்தில் அங்கு எழுந்த இரயில்வே பட்டறையில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தனர். இரயில்வேக்குச் சொந்தப் பட்டறை கட்டுபடியானதன் காரணம் வெளிப்படை. ஒரே வகை வண்டிகள் பல இருந்தன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். ஆண்டு முழுதும் வேலை இருந்தமையால் கைத்திறன் மங்கவில்லை. ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் தமக்கெனப் பட்டறை கட்டுவாரா?

கூகுள் நிறுவனமும் இவ்வழியே சென்றது. 1999-ஆம் ஆண்டளவில் அது விலைகுறைந்த சாதாரண உறுப்புகளை வாங்கி, தக்கை விரித்த தட்டுகளில் அடுக்கித் தன் வழங்கிகளைத் தானே அமைத்தது. அவை அடிக்கடி கெட்டன. ஆயினும் ஒன்று கெட்டால் மற்றொன்று அப்பணியை ஏற்குமாறு மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. கூகுளே செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது என்பார் இந்தப் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர்.

நிற்க. உறுப்பை நாமே வைத்துக்கொள்வது என முடிவு செய்தோர், அதனை முன்னரே வாங்கி அலமாரியில் வைத்திருத்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டு தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிற்சாலை மூழ்கியது; உலகெங்கும் வன்தட்டுகளின் விலை ஏறிற்று. அந்நிறுவனத்திற்கு நம் பெட்டாலிங் ஜெயாவிலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. 2019 இறுதிக்குள் அதனை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தனர். தேவைப்படும்போது வாங்கிக்கொள்வோம் என்றிருந்தோர் அந்த 2011-இல் பட்ட பாடு சிறிதன்று.

வன்தட்டுகள் எத்துணை விரைவில் கெடுகின்றன? ஏறத்தாழ 1,00,000 தட்டுகளை ஆராய்ந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உற்பத்தியாளர் குறிப்பின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. ஆனால் நடைமுறையில் நூற்றுக்கு 2 முதல் 4 வரை மாற்ற நேர்ந்தது. சில இடங்களில் 13 வரை சென்றது.

இங்குதான் பலரும் ஏமாறுகின்றனர். தட்டு கெட்டால் விற்பனையாளர் புதுத் தட்டு தருவார்; அதில் இருந்த எழுத்துகளைத் தரமாட்டார். செல்லரித்த ஏட்டுக்கு ஈடாக அதே நீளமும் அகலமும் உடைய வெற்றோலையைக் கொடுப்பது போன்றது அது. நம் முன்னோர் ஓலைக்கு ஈடு கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஏடு பழுதாகுமுன் படியெடுத்தனர். படியெடுக்கப்படாதவை அழிந்தன என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் நீர் புகுந்ததுபோல் ஓர் அலுவலகத்தில் புகுந்தால், மூலத் தட்டும் அதன் அருகில் வைத்த படியும் ஒருங்கே மூழ்கும். ஆகலின் படி வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்திற்கும் படிக்கும் சேர்த்துப் பணம் போதாத சங்கம், படிக்கே முதலில் செலவிடுக என்பது என் கருத்து.

அதன்பின் பணம் மிஞ்சினால், ஒன்றிரண்டு வழங்கி மட்டும் உடையோர் ஒப்பந்தம் செய்துகொள்வதே தக்கது. உத்தரவாதம் முடிந்தபின் புதுப்பிப்பதைவிட, வாங்கும்போதே ஐந்தாண்டுக்குச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு. அதற்குமேல் பழையதாகிவிட்ட கணினிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவதினும், அதே வகையில் பழைய கணினி ஒன்றை வாங்கி உறுப்புக்காக வைத்துக்கொள்வது சிக்கனம். திறந்து மாற்றத் தெரிந்த ஒருவர் இருந்தால். ஒன்று மட்டும் கவனிக்கவும்: கருவியோடு ஒட்டிய அடிப்படை நிரலுக்கு வரும் திருத்தங்களை ஒப்பந்தம் உள்ளவர்க்கே தரும் வழக்கமும் உண்டு. ஹெச்பி நிறுவனம் 2014-இல் தன் வழங்கிகளுக்கு இவ்வாறு ஒரு கட்டுப்பாடு விதித்தது.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு: கெட்ட தட்டு யாருக்குச் சொந்தம்? புதியது தருவோர் பழையதைத் திருப்பிக் கேட்பது பொது விதி. கெட்டது என்று ஒதுக்கிய தட்டிலிருந்தும் மாணவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வல்லார் கையில் மீளக்கூடும். பழைய தட்டை நாமே வைத்துக்கொள்ளும் உரிமையைச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்திற்குத் தருகின்றன. பள்ளிகளும் மருந்தகங்களும் அவ்வுரிமையை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.