எட்டுக்கால் சில்லும் நான்கு இரவுகளும்

“மாத்திரை போட்டேனா, இல்லையா?”

தோ பாயோவில் இருக்கும் என் பாட்டி காலைப் பசியாறிய பிறகு தினமும் கேட்கும் கேள்வி இது. கடந்த ஆண்டு இறுதியில் ஒரு நாள், ஏற்கெனவே போட்டுக்கொண்டதை மறந்து ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். தலைசுற்றல் வந்து சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மாக்சிக் பார்த்து அம்மாவை அழைத்ததால், பெரிதாக ஒன்றும் நடக்காமல் தப்பித்தார்.

பொறியியல் இரண்டாம் ஆண்டில் இருக்கும் எனக்கு, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. திட்டம் எளிமையானதுதான். மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒரு காந்த சுவிட்ச் இருக்கும். மூடியைத் திறந்ததும் பச்சை விளக்கு சில விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டத் தொடங்கும். பத்து மணி நேரம் கழித்துத் தானாக நின்றுவிடும். பச்சை தெரிந்தால் மாத்திரை போட்டாயிற்று. தெரியாவிட்டால் இன்னும் போடவில்லை. பாட்டி எதையும் அழுத்தவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம்.

உயர்நிலைப் பள்ளியில் ரோபோ மன்றத்தில் இருந்தவள் நான். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு இரவுகள் ஆயின. அந்த நான்கு இரவுகளில் நான் கற்றுக்கொண்டதை, சொந்தமாக ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எதற்கு இந்தச் சின்னச் சில்லு?

பள்ளியில் பலரும் மைக்ரோபிட் பலகையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். யுஎஸ்பி கம்பியைச் செருகி, கோப்பை இழுத்துப் போட்டால் போதும், வேலை செய்யும். 2005ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான அர்டுயினோவும் அப்படித்தான். தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சிரமம் வரக்கூடாது என்பதற்காக உள்ளே நடக்கும் பல வேலைகளை அவை மறைத்துவிடுகின்றன.

ஆனால் அர்டுயினோ ஊனோ பலகையை மாத்திரைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. இடமும் அதிகம் வேண்டும், பேட்டரியும் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதனால் ஏடிடைனி85 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லைத் தேர்ந்தெடுத்தேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். பக்கத்துக்கு நான்காக எட்டே கால்கள். வேலை இல்லாத நேரத்தில் தூங்க வைத்தால் மிகக் குறைந்த மின்சாரமே போதும்.

ஒரே சிக்கல், அதில் யுஎஸ்பி துளை கிடையாது. நிரலை அதற்குள் எழுத இன்னொரு கருவி வேண்டும். தனிக் கருவி வாங்குவதற்குப் பதில், கையில் இருந்த ஊனோவையே அந்த வேலைக்குப் பயன்படுத்தலாம். ‘அர்டுயினோ ஐஎஸ்பி’ என்ற நிரலை ஊனோவில் ஏற்றிவிட்டால், மடிக்கணினி சொல்வதைக் கேட்டு அதைச் சில்லுக்குள் எழுதும் கருவியாக அது மாறிவிடும். ஊனோவின் 10, 11, 12, 13 ஆகிய நான்கு முனைகளிலிருந்து சில்லுக்கு நான்கு கம்பிகள். மின்சாரத்துக்கு இரண்டு. மொத்தம் ஆறு கம்பிகள், ஒரு பிரெட்போர்ட்.

இணைத்தேன், பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. ‘நாட் இன் சிங்க்’ என்ற வரி பத்து முறை.

எல்லாவற்றையும் மாற்றினேன்

முதல் இரவில் நான் செய்தது இதுதான். கம்பிகளை எல்லாம் பிடுங்கி மறுபடியும் செருகினேன். மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். இணையத்தில் பார்த்த அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினேன். இரவு இரண்டு மணிக்கு, எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பதே எனக்கு நினைவில்லை. பிழைச்செய்தி மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள், சில்லு செத்துப்போய்விட்டது என்று முடிவுகட்டினேன். ஜாலான் புசார் அருகே இருக்கும் சிம் லிம் டவருக்குப் போய் மேலும் மூன்று சில்லுகள் வாங்கி வந்தேன். மூன்றும் அதே பதிலைத்தான் தந்தன. அன்றிரவு, ‘இரண்டு ஆண்டு பொறியியல் படித்து இதுகூட வரவில்லையே, துறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனோ’ என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூத்த மாணவி ஒருவரிடம் புலம்பினேன்.

“நாலு சில்லும் ஒரே மாதிரி செத்துப்போகுமாடி?” என்று சிரித்தார் அந்த அக்கா. “நாலும் ஒரே பதில் சொன்னா, தப்பு சில்லுல இல்ல. அது உனக்குக் கிடைச்ச துப்பு. நீ என்னடான்னா அழுதுகிட்டு இருக்கே.”

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, நிரல் போகும் வழியை வரையச் சொன்னார். மடிக்கணினி, யுஎஸ்பி கம்பி, ஊனோ, ஆறு கம்பிகள், சில்லு என்று ஒரு சங்கிலி போல வரைந்தேன்.

“இதுல எந்தக் கண்ணி வேலை செய்யுதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியும்?” என்றார்.

எனக்கு ஒன்றுகூட நிச்சயமாகத் தெரியாது. வேலை செய்யாததையே பார்த்துக்கொண்டிருந்த நான், எது வேலை செய்கிறது என்று ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

சங்கிலியைக் கண்ணி கண்ணியாக

அன்றிரவு சில்லை ஓரமாக வைத்துவிட்டு, மடிக்கணினிப் பக்கமிருந்து தொடங்கினேன்.

முதல் கண்ணி, மடிக்கணினியும் ஊனோவும். ஊனோவில் இருக்கும் விளக்கையே மின்ன வைக்கும் எளிய நிரலை ஏற்றினேன். மின்னியது. அப்படியென்றால் யுஎஸ்பி கம்பி, டிரைவர் மென்பொருள், போர்ட் தேர்வு எல்லாமே சரி. (மின்னாமல் இருந்திருந்தால் முதலில் கம்பியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் உதவும் சில கம்பிகளில் தரவு போவதற்கான இழைகளே இருக்காது.)

இரண்டாவது கண்ணி, ஊனோ கருவியாக வேலை செய்கிறதா என்பது. அர்டுயினோ ஐஎஸ்பி நிரலை மறுபடியும் ஏற்றினேன். இந்த முறை ஆறு கம்பிகளையும் கழற்றிவிட்டு முயன்றேன். அதே ‘நாட் இன் சிங்க்’ செய்தி. சில்லே இல்லாதபோதும் அதே செய்தி வருகிறது என்றால், சிக்கல் சில்லை எட்டுவதற்கு முன்பே இருக்கிறது. இரண்டு நாள் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன்!

காரணம் இதுதான். மடிக்கணினி இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஊனோ தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். புதிய நிரலை ஏற்றிக்கொள்வதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் ஊனோவே கருவியாக இருக்கும்போது அந்த வசதி இடைஞ்சலாகிவிடுகிறது. மடிக்கணினி பேசத் தொடங்கும் நேரத்தில், கேட்க வேண்டிய நிரல் இன்னும் விழித்தெழுந்திருக்காது. சில பலகைகள் இதைச் சமாளித்துக்கொள்ளும், என்னுடையது சமாளிக்கவில்லை.

ஊனோவின் ரீசெட் முனைக்கும் கிரவுண்ட் முனைக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் செருகினால் இந்த மறுதொடக்கம் நின்றுவிடும். மின்தேக்கியின் எதிர்மறைக் கால் கிரவுண்ட் பக்கம் இருக்க வேண்டும். அர்டுயினோ ஐஎஸ்பி நிரலை ஏற்றிய பிறகுதான் அதைச் செருக வேண்டும். முன்பே செருகினால் ஊனோவில் நிரல் ஏறாது.

செருகினேன். கம்பிகளையும் சில்லையும் பழையபடி இணைத்து மறுபடியும் முயன்றேன். பிழைச்செய்தி வந்தது, ஆனால் இது வேறு செய்தி! ‘சில்லின் அடையாள எண் 00 00 00’ என்றது. அன்று நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிழைச்செய்தி மாறினால், ஒரு கண்ணியைக் கடந்துவிட்டோம் என்று பொருள்.

பாட்டி கேட்ட கேள்வி

இந்த வகைச் சில்லுகள் ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள் கொண்ட அடையாள எண் பதிந்திருக்கும். ஏடிடைனி85க்கு அது 1இ 93 0பி. முதல் பகுதி தயாரிப்பாளர் அட்மெல் என்பதையும், இரண்டாவது அதன் நினைவகம் 8 கிலோபைட் என்பதையும், மூன்றாவது எந்தச் சில்லு என்பதையும் சொல்கின்றன. எல்லாமே சுழியமாக வந்தால், சில்லு பேசவே இல்லை என்று அர்த்தம்.

நான்காம் நாள் சனிக்கிழமை. பலகைகளைத் தூக்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்கே போய்விட்டேன். உணவு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, “என்ன கண்ணு இது, இடியப்பச் சிக்கலாட்டம்?” என்றார் பாட்டி.

இயற்பியல், மின்னியல், நிரலாக்கம் எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். பாட்டிக்குத் தமிழில் விளக்க முயன்றபோது, தெரியாததைக் கலைச்சொல்லுக்குப் பின்னால் மறைக்க முடியவில்லை. “இந்தக் கம்பி வழியா ஊனோ பேசும் பாட்டி. இந்தக் கம்பி வழியா சில்லு பதில் சொல்லும். இந்தக் கம்பி ரெண்டுக்கும் தாளம் போடும்” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

“சரி, அதுக்குக் கரண்டு எங்கேருந்து வருது?”

“இதோ, ஊனோவிலிருந்து இந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருது. கோடு வழியா இப்படியே போயி…” என்று விரலை நகர்த்தினேன். பிரெட்போர்டின் நடுவில் விரல் நின்றது. சிவப்புக் கோடு அங்கே விட்டுப்போயிருந்தது.

நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் இருக்கும் மின்சார வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். அச்சிட்ட கோட்டில் உள்ள இடைவெளி அதைத்தான் காட்டுகிறது. ஊனோவின் கம்பிகளை இடது பாதியில் செருகி, சில்லை வலது பாதியில் வைத்திருந்தேன். மல்டிமீட்டரைச் சில்லின் 8ஆம் காலிலும் 4ஆம் காலிலும் வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நான்கு நாளாக, பட்டினி கிடந்த சில்லிடம் வேலை வாங்கப் பார்த்திருக்கிறேன்.

இடைவெளியின் குறுக்கே இரண்டு சின்னக் கம்பிகளைப் போட்டேன். 5 வோல்ட் வந்தது. பொத்தானை அழுத்தினேன். 1இ 93 0பி.

எட்டு விநாடிக் கணக்கு

விநாடிக்கு ஒருமுறை விளக்கை மாற்றும் சோதனை நிரலை ஏற்றினேன். விளக்கு எரிந்தது, ஆனால் அணையவே இல்லை. பழைய நானாக இருந்தால் கம்பிகளைப் பிடுங்கியிருப்பேன். இந்த முறை பொறுத்திருந்து பார்த்தேன். அணைந்தது. கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒரு விநாடிக்குப் பதில் எட்டு விநாடி.

சரியாக எட்டு மடங்கு என்பதே துப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்தச் சில்லு, தன் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்படி அமைந்திருக்கும். நான் 8 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லி நிரலைத் தயாரித்திருந்தேன். மென்பொருளில் உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்து, ‘பர்ன் பூட்லோடர்’ கட்டளையை ஒருமுறை கொடுத்ததும் சரியாகிவிட்டது. அந்தக் கட்டளைதான் சில்லின் ‘ஃபியூஸ்’ எனப்படும் அடிப்படை அமைப்புகளை மாற்றுகிறது.

இங்கே மட்டும் அவசரம் கூடாது. வெளிக் கடிகாரம் என்று தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால், இல்லாத படிகத்துக்காகச் சில்லு காத்திருந்து, எதற்கும் பதில் சொல்லாது. ஒரு படிகத்தை இணைத்து அதை மீட்கலாம். ரீசெட் காலையே முடக்கிவிட்டாலோ, 12 வோல்ட் தரும் தனிக் கருவி இல்லாமல் மீட்க முடியாது.

நீங்களும் முயலும்போது

• நிரல் போகும் வழியைத் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கண்ணியையும் தனியாகச் சோதியுங்கள்.

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் அதன் விளைவையும் எழுதி வையுங்கள்.

• மின்சாரத்தைச் சில்லின் கால்களிலேயே அளந்து பாருங்கள். பலகையின் மறுமுனையில் அளந்தால் போதாது.

• சில்லின் புள்ளி இருக்கும் பக்கம்தான் 1ஆம் கால். அங்கிருந்து இடஞ்சுழியாக எண்ணுங்கள். தொட்டால் சுடுகிறதென்றால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள், திருப்பிச் செருகியிருக்கலாம்.

• பிழைச்செய்தியை முழுமையாகப் படியுங்கள். அது மாறினால் மகிழுங்கள்.

• யாரிடமாவது வாய்விட்டு விளக்குங்கள். அவருக்குத் துறை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பெட்டி இப்போது பாட்டியின் உணவு மேசையில் இருக்கிறது. உள் கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லை. விளக்கு அரைமணி நேரம் முன்பின்னாக நிற்பதுண்டு. அதனால் பாதகமில்லை. அதை மட்டுமே நம்பாமல், வாரக் கடைசியில் அம்மா மாத்திரைகளை எண்ணியும் பார்க்கிறார். ஆனால் அந்தக் காலைநேரக் கேள்வி நின்றுவிட்டது.

போன வாரம் விளக்கு மின்னவில்லை என்று பாட்டி தொலைபேசியில் அழைத்தார். நான் கிளம்புவதற்குள் மறுபடியும் அழைத்தார்.

“வர வேண்டாம் கண்ணு. மொதல்ல கரண்டு வருதான்னு பாத்தேன். பேட்டரி ஒண்ணு நழுவி இருந்துச்சு. அழுத்திவிட்டேன், மின்னுது.”